விளிம்பெழுத்து

காலை ஒன்பது இருபதுக்கு உறை வந்தது.

கூரியர்காரர் படிக்கட்டில் நின்றபடியே கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இது முப்பத்தோராவது உறை. இத்தனை வருஷத்தில் கூரியர்காரர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். உள்ளே என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். உறையோடு ஒரு தாள் வரும். அறிவிக்கும் நாள்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதை அதில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எங்கள் பட்டறை ஒரே நீள அறை. தெருப்பக்க ஜன்னலடியில் என் மேஜை. உள்பக்கச் சுவரோரம் என் வீட்டுக்காரரின் பாலிஷ் சக்கரம். விளையாட்டுக் கோப்பைகள், கதவுப் பெயர்ப் பலகைகள், நினைவுத் தகடுகள், கைக்கடிகாரங்களின் முதுகு. நான் எழுத்து வெட்டுவேன், அவர் மெருகு போடுவார். வருஷத்துக்கு ஒரு முறை இந்த உறையும் ஒரு பதக்கமும்.

அறக்கட்டளை வருஷத்துக்கு ஒருவருக்குப் பரிசு கொடுக்கிறது. அவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். ஒரு வருஷம் வயலின், ஒரு வருஷம் சிற்பம், ஒரு வருஷம் நடனம். ஆயுள் முழுக்கச் செய்ததற்காக. என் கைக்கு வருவது பதக்கம் மட்டும்தான். உள்ளங்கை அகலம், வெள்ளி. இரண்டு முகங்களும் அச்சிலேயே வந்துவிடும். விளிம்பு மட்டும் வெறுமையாக இருக்கும், ஆறு மில்லிமீட்டர் உயரத்துக்கு. அதில் பெயர், பிறந்த வருஷம், பிறகு ஒரு சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றும் கிடையாது. நாலு எண்களுக்கான இடம் விட வேண்டும்.

அந்த இடம் அவர்களுடைய வழக்கம். பரிசு பெற்றவர் காலமானதும் குடும்பத்தார் பதக்கத்தைத் திருப்பி அனுப்புவார்கள். நான் இரண்டாவது வருஷத்தை வெட்டி அனுப்பிவைப்பேன். நினைவுத் தகடு என்றால் இரண்டு வருஷமும் சேர்ந்தேதான் வரும். ஒற்றை வருஷத்தோடு என் மேஜையை விட்டுப் போவது இந்தப் பதக்கம் மட்டும்தான். முப்பதில் பதினேழு திரும்பி வந்திருக்கின்றன. சிலவற்றின் விளிம்பு தேய்ந்திருந்தது, யாரோ அடிக்கடி கையில் வைத்து உருட்டியிருக்கிறார்கள். ஒன்று பெட்டியைத் திறந்ததே இல்லை போல வந்தது. ஒன்றில் பல் தடம். பேரக்குழந்தை கடித்துவிட்டது என்று கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். மெருகு போட்டு எடுத்துவிடவா என்று கேட்டு எழுதினேன். வேண்டாம் என்று பதில் வந்தது.

இன்னொரு விதியும் உண்டு. பரிசு, உயிரோடு இருப்பவருக்குத்தான். அறிவிக்கும் நாள்வரை இருக்க வேண்டும். ஒரு முறை ஒரு பியானோக்காரர் அறிவிப்புக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டார். விளிம்பு முழுவதும் வெட்டி முடித்திருந்தேன். அறக்கட்டளையின் செயலாளர் அம்மா போன் செய்து, "அழிச்சிடுங்க" என்றார். அரத்தால் தேய்த்தேன். ஒரு பெயர் போவதற்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு வேறு பெயர் வந்தது. அந்தப் பதக்கம் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை சிறியது. பியானோக்காரரின் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

உறையைப் பிரித்ததும் நான் படிப்பதில்லை. எண்ணுவேன். எத்தனை எழுத்து, எத்தனை இடைவெளி, அகல எழுத்து எத்தனை, ஒல்லி எழுத்து எத்தனை. விளிம்பின் சுற்றளவை அதற்கேற்பப் பிரித்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பெயர் யாருடையது என்பதெல்லாம் அப்புறம். பல வருஷம் படித்தும் யாரென்று தெரிந்ததில்லை. அன்றும் எண்ணினேன். பதினெட்டு எழுத்து, ஓர் இடைவெளி, அகலம் ஐந்து. குறித்துவிட்டு நிமிர்ந்து, பிறகுதான் படித்தேன்.

என் அண்ணன்.

எழுந்து போய்க் கையைக் கழுவினேன். கையில் அழுக்கில்லை. திரும்பி வந்து மறுபடி எண்ணினேன். பதினெட்டுதான்.

பாலிஷ் சக்கரம் நின்றது. வீட்டுக்காரருக்கு அந்தச் சத்தத்திலேயே பாதிக் காது போய்விட்டது. ஆனால் நான் வேலையில் இல்லை என்பது மட்டும் எப்படியோ அவருக்குக் கேட்டுவிடும்.

"என்ன, பேரு நீளமா?"

"இல்ல."

"பின்ன?"

தாளை நீட்டினேன். நீட்டக் கூடாது. முப்பது வருஷத்தில் நீட்டியதில்லை. மெருகுக்குக் கொடுக்கும்போதுகூட விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டித்தான் கொடுப்பேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தாளை மடித்து என் மேஜைமேல் வைத்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார்.

"சரி."

சக்கரத்தின் பக்கம் போனவர் பாதியில் நின்றார். "ஆனா இனிமே அவரைக் கையில பிடிக்க முடியாதே."

"நீங்கதான் ஒண்ணும் பாக்கலையே."

"பாக்கல. சும்மா சொன்னேன்." தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துணியெல்லாம் மெருகு மை. கண்ணைச் சுற்றிக் கறுப்பாகிவிட்டது.

அண்ணன் பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தான். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. சனிக்கிழமை காலையில் ஆபரேஷன் என்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள். செய்துகொண்டால் வருஷக்கணக்கு, இல்லையென்றால் நாள்கணக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவன் போடவில்லை. இன்று வியாழன். பரிசு அறிவிப்புக்கு இன்னும் பதினாறு நாள்.

பத்து மணிக்கு அண்ணி போன் செய்தாள்.

"நாளைக்கு நீ வா. வந்து சொல்லு."

"நான் சொல்லி எதைக் கேட்டான் அண்ணி?"

"கேக்க மாட்டார். ஆனா உன்கிட்ட சண்டை போடுவார். சண்டை போட்டா கொஞ்சம் தெம்பு வருது."

வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகும் அவள் குரல் காதிலேயே இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அவனிடம் சொல்ல அரை நிமிஷம் ஆகும். அவன் மாடி முழுக்கச் சொல்ல இன்னொரு அரை நிமிஷம். அண்ணனிடம் ரகசியம் தங்கியதில்லை. எட்டு வயதில் என் அலமாரியில் நான் ஒளித்துவைத்திருந்த பூனைக்குட்டியைப் பற்றித் தெருவுக்கே சொன்னவன். அறிவிப்புக்கு முன்னால் வெளியே தெரிந்தால் பெயரை மாற்றிவிடுவார்கள் என்று அந்தத் தாளில் இருக்கிறது, மூன்றாவது விதமாக.

அண்ணன் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவன். நாற்பத்து நாலு வருஷமாக அதுதான் வேலை. மாடிப்படி ஏறப் பயப்படும் ஒரு கழுதையை அவன் வரைந்தான். பதினான்கு புத்தகங்களும் அது படிக்கட்டின் அடியில் நிற்பதில்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே ஒரு படி ஏறும். அவ்வளவுதான் கதை. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த மொழியிலோ குழந்தைகள் அந்தக் கழுதையைத் தெரிந்துவைத்திருக்கின்றன. அவனைத் தெரிந்தவர்கள் குறைவு. போன வாரம் ஊசி போட வந்த நர்ஸிடம் அண்ணி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், அந்தக் கழுதையை வரைந்தது இவர்தான் என்று. அந்தப் பெண் வியந்துபோய், "அதை யாராவது வரைஞ்சாங்களா?" என்று கேட்டாளாம். அண்ணன் அன்றைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்துதான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆரம்பித்தான்.

இந்தப் பதக்கத்தின் விளிம்பை வெட்டுவது நான்தான் என்று அவனுக்குத் தெரியும். வருஷா வருஷம் இந்த நாட்களில் போனில் கேட்பான்.

"இந்த வருஷம் யாரு?"

"யாரோ வயசானவர்."

"படம் போடறவரா?"

"சொல்ல மாட்டேன்."

"கழுதைக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க," என்று சிரிப்பான். சிரித்து முடித்துவிட்டு ஒரு வினாடி காத்திருப்பான். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். அந்த ஒரு வினாடியை நான் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவன் கேட்கவில்லை. இந்த வருஷமும் கேட்கவில்லை.

ஒரு தடவை பட்டறைக்கு வந்திருந்தபோது, திரும்பி வந்த பதக்கம் ஒன்று மேஜைமேல் இருந்தது. ஒரு வயலின்காரருடையது. எடுத்து உருட்டிப் பார்த்தான். கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

"இந்த இடத்தை முன்னாடியே விட்டுவைப்பியா?"

"ஆமா. நாலு எண்ணுக்கு."

"விட்டுட்டு எப்படித் தூங்குற?"

"வீட்டுக்காரர் குறட்டையிலதான் தூக்கம் வரல. இதுல இல்ல."

அன்று என் கணக்குத் தாளின் பின்பக்கம் ஒரு படம் போட்டுக்கொடுத்தான். கழுதை ஒரு சிறு கோட்டின்மேல் நான்கு கால்களையும் சேர்த்து நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வெயிலில் வெளுத்துவிட்டது.

தாளை மறுபடி விரித்தேன். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம். 1959.

அது அவனுடைய வருஷம் இல்லை. என்னுடையது.

அண்ணன் எனக்கு ஒரு வருஷமும் நாலு மாதமும் மூத்தவன். அவனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது பிறந்த தேதி என்ன என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு நினைவிருந்தது ஒரே ஒரு பிரசவம். நான் பிறந்தது. அன்று நல்ல மழை, வண்டி கிடைக்கவில்லை, அப்பா அம்மாவை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அந்த நாளைச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என்னைச் சேர்க்கும்போதும் அதே மழையைத்தான் சொன்னார். அண்ணன் பிறந்தது நல்ல வெயில் நாளில். ஒன்றும் நடக்காத நாளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஒரு வகுப்பு முன்னே பின்னே படிக்கும் இரட்டையர் என்று வாத்தியார்கள் சிரிப்பார்கள். அப்போதிலிருந்து அவன் என்னை ரெட்டை என்றுதான் கூப்பிடுகிறான். வளர்ந்த பிறகு திருத்தவில்லை. பாஸ்போர்ட், புத்தகங்களின் பின்னட்டை, எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. என் பிறந்த நாளில் அவனுக்கு ஊரெல்லாம் வாழ்த்து வரும். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்து, "உன் பேர்ல இன்னிக்கு நாற்பது வாழ்த்து வாங்கிட்டேன், பாதி உனக்கு" என்பான்.

மதியம் செயலாளர் அம்மாவுக்கு போன் செய்தேன். முப்பது வருஷத்தில் நானாகப் போன் செய்தது நாலு தடவை இருக்கும்.

"வருஷம் தப்பா இருக்கு," என்றேன்.

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஐம்பத்தொன்பது. எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"எல்லாத்துலயும் தப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வருஷம் பொறந்தது நான்."

தாள் புரட்டும் சத்தம் நின்றது.

"உங்களுக்கு அப்படி ஒரு அண்ணன்னு இத்தனை வருஷத்துல நீங்க சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

"கேக்கலைதான்." மறுபடி தாள் சத்தம். "வருஷத்தை மாத்தணும்னா பரிசு வாங்கறவங்க வாயால சொல்லணும். வேற யார் சொன்னாலும் மாத்த முடியாது. அறிவிப்புக்கு அப்புறம் கேட்டுக்கலாம்."

"அவர் ஆஸ்பத்திரில இருக்கார்."

பியானோக்காரரை அவரும் நினைத்திருப்பார்.

"அறிவிப்புத் தேதியை என்னால முன்னாடி தள்ள முடியாது," என்றார்.

"நான் அதைக் கேக்கல."

"நீங்க எதைக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். கடைசி எண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை முடிங்க." வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "என் பொண்ணு மாடிப்படின்னாலே அழுவா. அந்தக் கழுதையைக் காட்டித்தான் ஏற வச்சேன். இப்ப அவ மாடி கட்டற இன்ஜினியர்," என்றார். பிறகு வைத்துவிட்டார்.

வேலையை ஆரம்பித்தேன். பதக்கத்தை விளிம்பு மேலே தெரியும்படி பிடியில் இறுக்கி, மணல் நிரப்பிய தோல் மெத்தையில் வைத்தேன். விளிம்பில் வெள்ளை பூசி, ஊசியால் எழுத்துகளை வரைந்தேன். கண்ணில் லென்ஸ். இந்த வேலையில் உளி நகர்வதில்லை. உளியைப் பிடித்த கை அப்படியே நிற்கும், இன்னொரு கை பதக்கத்தைத் திருப்பும். வளைவு அப்படித்தான் வரும். அண்ணனுக்கு இதில் எப்போதும் கேலிதான். உன் கோடு நின்ன இடத்துலயே நிக்கும், உலகம் சுத்தும், என் கோடு ஊர் சுத்தும் என்பான்.

ஐந்தாவது எழுத்தில் லென்ஸ் மங்கிவிட்டது. கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் சக்கரத்தை ஓட்டாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பதினெட்டும் முடிந்தபோது ஜன்னல் வெயில் மேஜையை விட்டுப் போயிருந்தது. பிறகு ஒன்று, ஒன்பது, ஐந்து. ஓர் எண்ணுக்கு இடம் விட்டேன். கோட்டையும் போட்டேன்.

"ஒன்பதுன்னே வெட்டிடேன்," என்றார் வீட்டுக்காரர். "அப்புறம் ஒரு வளைவு சேத்தா எட்டு ஆயிடும்."

அது உண்மைதான். ஒன்பதை எட்டாக்கலாம். எட்டை ஒன்பதாக்க முடியாது. "தெரியும்," என்றேன். "திருத்தினதுன்னு தெரியும்."

"யாருக்கு?"

"திரும்பி வரும்போது எனக்கு."

பதக்கத்தைத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்று சாப்பிடும்போது அவர் சொன்னார், "சொல்லிடு. உன் வாய் முப்பது வருஷம் மூடியிருந்தது போதாதா?"

"சொன்னா அவன் அதுக்காகக் கையெழுத்து போடுவான்."

"போடட்டுமே."

"அப்புறம் ஊரெல்லாம் சொல்லி அது கைவிட்டுப் போச்சுன்னா? கட்டோட படுத்துக்கிட்டு வேற ஒருத்தர் பேரைப் பேப்பர்ல படிக்கணுமா அவன்?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "படிக்க ஆள் இருக்கணுமில்ல."

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. லிப்டுக்கு முன்னால் நீள வரிசை. நாலு மாடியும் ஏறிப்போனேன். அண்ணனின் கட்டில் ஜன்னலோரம். வெளியே கார் நிறுத்தும் கட்டடத்தின் தகரக் கூரை. அவன் இளைத்திருந்தான், காது மட்டும் பெரிதாகிவிட்டது போல இருந்தது. கட்டிலின் குறுக்கே சாப்பாட்டுப் பலகை. அதன்மேல் அட்டையில் சொருகிய படிவம், நூலில் கட்டிய பேனா.

"இது மூணாவது படிவம்," என்றாள் அண்ணி. "முதல் ரெண்டுலயும் கழுதை போட்டுட்டார். செல்லாதாம்."

"கழுதை கையெழுத்து மாதிரிதானே," என்றான் அண்ணன். "பேங்க்ல செல்லும்னு நினைக்கிறேன்."

அண்ணி டீ குடித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் தோளை ஒரு முறை அழுத்தினாள்.

"ரெட்டை. உன்னை அனுப்பி வைக்கிறாங்கன்னா நிலைமை மோசம்."

"அண்ணிக்கு டீ குடிக்கணும். ஆள் மாத்த வந்தேன்."

"திட்டு. ஆரம்பி."

"ஏன் போட மாட்டேங்கற?"

"பேனா எழுதல."

பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். எழுதியது.

"உன் கையில எழுதும்," என்றான். தன் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, பலகைக்கு ஒரு சாண் மேலே நீட்டிப் பிடித்தான். விரல்கள் நடுங்கின. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. "முன்னல்லாம் இது ஊர் சுத்தும். இப்ப வழி தெரியாம நடுத்தெருவுல நிக்குது. இதுக்காக நெஞ்சைப் பிளந்து, ஆறு மாசம் படுத்து, எதுக்கு? கழுதைக்கு நான் வேண்டாம். அது பாட்டுக்கு நிக்கும்."

"ஒரு பொண்ணு மாடிப்படின்னா அழுவாளாம். உன் கழுதையைப் பாத்துத்தான் ஏறினாளாம். இப்ப அவ மாடி கட்டற இன்ஜினியர்."

"யார் சொன்னா?"

"அவளோட அம்மா. தெரிஞ்சவங்க."

அவன் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நல்ல அம்மாவா இருக்கணும். படிச்சுக் காட்டியிருக்காங்க. அதான்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. நான் சொல்வதற்காக வரவில்லை என்று படியேறும்போது எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு எண்ணைக் கேட்க வந்திருக்கிறேன். பாதியில் நிற்கும் வேலை. தப்பென்று தெரிந்த வருஷத்தை வெட்ட என் கை போகாது. அவன் வாயால் வர வேண்டும். அவ்வளவுதான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றேன். "வேலை விஷயம்."

"கேளு."

"உன் பேருக்குப் பக்கத்துல எந்த வருஷம் போடறது? ஐம்பத்தெட்டா, ஐம்பத்தொன்பதா?"

கேட்ட பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு உறைத்தது. அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அதுக்குள்ள தகட்டுக்கு அளவெடுக்க வந்துட்டியா?"

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலானது. முதுகைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன். கைக்கு எலும்புதான் அகப்பட்டது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பரவாயில்ல. நீயே செய். மெஷின்ல வெட்டற எழுத்து எனக்கு வேண்டாம். அது செத்த எழுத்து."

"மெஷின் இல்ல."

"பேர் முழுசா போடணும். இடம் போதலைன்னு சுருக்காத."

"முழுசாத்தான். பதினெட்டு எழுத்து."

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"படுபாவி," என்றான். அதில் கோபம் இல்லை. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். வாசனை எங்கள் பக்கம் வந்தது. தூங்கிவிட்டானோ என்று நினைத்தபோது பேசினான்.

"ஐம்பத்தொன்பது உன்னுது. மழை, தள்ளுவண்டி எல்லாம் உன்னுது. அறுபது வருஷமா நான் வச்சிருந்தேன். எடுத்துக்க." கண்ணைத் திறக்காமல் விரலால் போர்வையில் ஓர் எட்டு போட்டான். நடுங்கினாலும் எட்டு எட்டாகத்தான் வந்தது. "எட்டு போடு. ஒண்ணும் நடக்காத நாள்தான். ஆனா அது என்னுது."

"சரி. எட்டு."

"ரெண்டாவது வருஷம் கேக்கவே வேண்டாம். இந்த வருஷந்தான். ரெண்டையும் ஒரே மூச்சுல வெட்டிடு, உனக்கு வேலை மிச்சம்."

"ரெண்டாவது வேண்டாம்."

"வேண்டாம்னா?"

"இப்போதைக்கு முதல் வருஷம் மட்டுந்தான்," என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "அப்புறம் ஒரு கோடு. அவ்வளவுதான்."

"கோடு மட்டும் போட்ட தகட்டை எவன்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தகரக் கூரையில் ஒரு காகம் நடந்துகொண்டிருந்தது. அதன் நகச் சத்தம் கண்ணாடி வழியே கேட்டது. அண்ணன் என்னைப் பார்க்கிறான் என்பது பக்கவாட்டில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தில் படித்துவிடுவான். சின்ன வயதிலிருந்து அவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

அட்டை பலகையில் உரசும் சத்தம். அவன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நூல் இழுபட, பேனாவை எடுத்தான். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். முனை கட்டத்துக்குள் இறங்கி, காகிதத்தைத் தொட்டு, நின்றது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதானது.

ஒரு வினாடி காத்திருந்தான்.

"கோட்டுக்கு அப்புறம் எவ்வளவு இடம் விட்டிருக்க, ரெட்டை?"